ரீலில் பார்த்த கலம்காரி கைக்கு வரவில்லையே!

கேள்வி: நகரியில் இருந்து தினமும் பஸ் பிடித்துத் திருத்தணி, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை என்று போய் ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். ரயிலில் வரும்போது பார்த்துப் பார்த்து, துணியில் மூங்கில் பேனாவால் வரைகிற கலம்காரி ஓவிய ரீல்ஸ் நிறைய சேவ் செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் வரைந்தால் கறுப்பு மட்டும் பரவிவிடுகிறது. பெரிய ஓவியர்களுக்கு மெசேஜ் அனுப்பினால் பதிலே வருவதில்லை. அம்மாவோ “போனே கதியா கிட” என்று திட்டுகிறார். இன்ஸ்டாகிராமில் உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா? (ஓவிய மாணவி, நகரி)

பதில்: முடியும்மா. ஆனால் சேவ் பட்டனை அமுக்கிக்கொண்டே போனால் வராது, அந்த அளவுக்கு அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது.

முதலில் கறுப்பைப் பார்ப்போம். அரை நிமிட ரீலில் பேனா ஓடுவதைத்தான் காட்டுவார்கள், அதற்கு முன்னால் நடப்பதை வெட்டிவிடுவார்கள். பழைய இரும்புத் துண்டுகளும் வெல்லமும் தண்ணீரில் கிடந்து வாரக்கணக்கில் புளித்தால்தான் அந்தக் கறுப்பு. துணியும் அப்படியே கடையில் வாங்கி விரித்தது அல்ல, கஞ்சி போக அலசிய காடாத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டு வெயிலில் காய வைத்திருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேரும்போதுதான் கோடு கண் முன்னாலேயே கறுத்து வரும். பாலில் உள்ள கொழுப்புதான் சாயம் பரவாமல் பிடித்து நிறுத்துவது, எருமைப்பாலை விரும்புவதும் அதனால்தான். உங்களுக்குப் பரவுகிறது என்றால் பால் நீர்த்துப் போயிருக்கலாம், கஞ்சி சரியாகப் போகாமல் இருக்கலாம், இல்லை துணி முழுக்கக் காயும் முன்பே வரைய உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்று, மூங்கில் பேனாவில் சுற்றியிருக்கிற கம்பளியை அழுத்திப் பிடித்தாலும் சாயம் கொட்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது.

சரி, பதில் வராத மெசேஜ். “ஹாய் சார், சூப்பர் ஒர்க், எனக்கும் சொல்லித் தாங்க” என்று போட்டிருப்பீர்கள். அதற்கு அவர் எங்கே இருந்து ஆரம்பிப்பார், பாவம்! கறுப்பு பரவிய மூலையை வெயிலில் வைத்துக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுங்கள், எவ்வளவு நேரம் ஊறப்போட்டீர்கள், என்ன பால் என்று சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதுவும் கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தியின் கலைஞர் என்றால் தெலுங்கில் வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள், கையில் சாயத்தோடு உட்கார்ந்திருப்பவர் எங்கே டைப் அடிப்பது? நகரிக்காரருக்குத் தமிழும் தெலுங்கும் வீட்டு மொழி மாதிரிதானே, சென்னையில் கூடப் படிக்கிற பலருக்கு இல்லாத வசதி இது.

அந்தப் பரவிய துணியையே உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் போடுங்கள். முடித்த படம் மட்டும் போட்டால் நெருப்பு எமோஜிதான் கிடைக்கும், கெட்டுப்போனதைப் போட்டால் அதே இடத்தில் மாட்டி வெளியே வந்த யாராவது வந்து பேசுவார்கள். அப்படிப் பழகிய பிறகு நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் காளஹஸ்திதான், என்ன தூரம்! அந்தப் புளித்த வாசனையும் ஊறிய துணியின் பிசுக்கும் எந்த போனிலும் வராது.

பழைய வேலைப்பாடு பார்க்க லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் இரண்டின் இணையதளங்களுக்கும் போங்கள். நம் சோழமண்டலக் கரையில் இருந்து போன துணிகள் அங்கே ஏராளம், ‘சின்ட்ஸ்’ (பூவேலைப் பருத்தித் துணி), ‘பாலம்போர்’ (சித்திர வேலைப் படுக்கை விரிப்பு) என்று தேடினால் கிடைக்கும். மெட்ரோபாலிட்டன் 2017 முதல் பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. ரயில் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

கேள்வி: என் ஓவியத்தை ஆன்லைனில் போட்டால் திருடிவிடுவார்களோ என்று பயம். போடலாமா? (ஓவிய மாணவர், குப்பம்)

பதில்: திருடுவார்கள், அதற்காகப் பூட்டி வைக்கவா வரைகிறீர்கள்? சின்ன சைஸில் போடுங்கள், பெரிய ஃபைலும் பாதி வரைந்தபோது எடுத்த போட்டோக்களும் உங்களிடம் இருக்கட்டும். நம் நாட்டில் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்த உடனே உரிமை உங்களுக்கு வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. ஓவியர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ரவி வர்மா 1906-இல் காலமானவர், அவரைப் பார்த்து வரைந்து தாராளமாகப் போடலாம். ஆனால் பக்கத்து வகுப்புப் பையனின் படத்தைப் பார்த்து வரைந்தால் அவனைக் கேட்டுவிட்டு, பெயரும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் படம் ஒன்றை வாங்குவதாக ஒருவர் மெசேஜ் அனுப்பினார். விலைகூடப் பேசவில்லை. க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்கிறார். (வாசகர், புத்தூர்)

பதில்: போடாதீர்கள்! யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் உங்கள் கணக்கில் இருந்துதான் போகும். விலை பேசாமல், அளவு கேட்காமல் ஓவியம் வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. பிளாக் செய்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.