பெண்கள் வரலாற்று நூலகத்தில் தன்னார்வப் பணி: மாணவர் விசாவில் இருப்பவர் செய்யலாமா? ஊரிலிருந்து வரும் அம்மா செய்யலாமா?

வாசகி கேள்வி: கிளாஸ்கோவில் ஓராண்டு முதுகலை படிக்கிறேன், மாணவர் விசா. ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்கிறேன். பிரிட்ஜ்டனில் உள்ள கிளாஸ்கோ விமன்ஸ் லைப்ரரியில் வாரம் 6 மணி நேரம் தன்னார்வலராகச் சேர ஆசை. 20 மணி நேர வரம்பைத் தாண்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் அம்மா விசிட்டர் விசாவில் வருகிறார், மூன்று மாதம் இருப்பார். மதுரைப் பக்கம் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அங்கே ஏதாவது செய்ய விரும்புகிறார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், இரண்டு பேருக்கும் ‘வாலண்டியர் பெர்மிட்’ எடுக்க வேண்டும், 250 பவுண்டு ஆகும், பின்னால் அந்த நூலகத்திலேயே ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்காதீர்கள். பிரிட்டனில் ‘வாலண்டியர் பெர்மிட்’ என்று ஒன்று கிடையாது. மாணவர் விசாவுக்கும் இல்லை, விசிட்டர் விசாவுக்கும் இல்லை. இல்லாத ஒன்றுக்குப் பணம் கேட்பவர் அடுத்ததாக உங்கள் பாஸ்போர்ட் நகலையும் விசா கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்பார். அவற்றையும் கொடுக்காதீர்கள். அவரைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 6 மணி நேரம். பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் படிப்பவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் 12, இந்த வாரம் 26, சராசரி சரியாகத்தானே வருகிறது என்று வாதாட முடியாது. 26 வந்த அந்த ஒரு வாரமே விதிமீறல். இதில் பலர் கவனிக்காதது, சம்பளம் இல்லாத வேலையும் அந்த 20 மணி நேரத்துக்குள்தான் வரும் என்பது. “காசே வாங்கவில்லையே, அப்புறம் என்ன?” என்று என்னிடம் கேட்காத மாணவரே இல்லை.

ஆனால் எல்லா இலவச உழைப்பும் இந்தக் கணக்கில் வராது. விசா விவகாரங்களைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸ் அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட சம்பளமில்லா வேலை. குறிப்பிட்ட நேரத்தில் கட்டாயம் வந்தாக வேண்டும், கொடுத்த வேலையை முடித்தாக வேண்டும், பதிலுக்குத் தங்குமிடமோ பொருளோ ஏதோ ஒன்று கிடைக்கும். இது மணிக்கணக்கில் சேரும். மற்றது உண்மையான தன்னார்வம். ஒப்பந்தம் இல்லை, சம்பள ஊழியரின் இடத்தை நீங்கள் நிரப்பவில்லை, கைக்கு வருவது பஸ் டிக்கெட், மதியச் சாப்பாடு போன்ற நியாயமான செலவு மட்டும்; உதவி பெறுவதும் பொதுவாக ஒரு அறக்கட்டளை அல்லது பொது அமைப்பு. இது 20 மணி நேரத்தில் சேராது.

நீங்கள் சொல்லும் நூலகம் இந்த இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம். 1991இல் தொடங்கி, பல ஆண்டுகள் தன்னார்வலர்களின் உழைப்பிலேயே ஓடிய இடம் அது. 2013இல் பிரிட்ஜ்டனின் பழைய பொது நூலகக் கட்டடத்துக்கு வந்தது. தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த நிதியில் கட்டி 1906இல் திறந்த கட்டடம். 2015இல் அதன் சேகரிப்புக்கு ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது’ என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி ஜனங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது: புத்தகங்கள், சிறு பத்திரிகைகள், பேட்ஜுகள், பின்னல் மாதிரித் தாள்கள். வேறெங்கே கொடுத்திருந்தாலும் குப்பைக்குப் போயிருக்கும். வருகிறவர்களை வரவேற்பது, நன்கொடைப் புத்தகங்களைப் பிரித்துப் பட்டியலிடுவது, ஆவணப் பெட்டிகளைச் சீர்படுத்துவது, நகரத்தில் பெண்களின் வரலாறு சொல்லும் நடைப்பயணங்களுக்கு உதவுவது என்று இத்தகைய இடங்களில் தன்னார்வலர் செய்யும் வேலைகள், நான் மேலே சொன்ன நிபந்தனைகளுக்குள் இருக்கும்வரை, உங்கள் 20 மணி நேரத்தைத் தொடாது. சூப்பர்மார்க்கெட்டின் 16 மணி நேரம் 16ஆகவே இருக்கும். தைரியமாகச் சேருங்கள்.

சேரும்போது ஒரு காகிதம் தருவார்கள். ‘வாலண்டியர் அக்ரிமென்ட்’ என்று தலைப்பு இருந்தால் பதறாதீர்கள். பெயரைப் பார்த்து அது ஒப்பந்தம் என்று ஆகிவிடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். “செவ்வாய் மதியம் வர முடியுமா?” என்பது ஏற்பாடு. “செவ்வாய் மதியம் கட்டாயம் வர வேண்டும், குறைந்தது ஆறு மாதம், இல்லாவிட்டால் நடவடிக்கை” என்றால் அது வேலை ஒப்பந்த வாடை. அப்படி இருந்தால் கையெழுத்துப் போடாமல் கேளுங்கள். பயணச் செலவை ரசீது கொடுத்து வாங்குங்கள். “ரசீதெல்லாம் வேண்டாம், மாதம் 60 பவுண்டு வைத்துக்கொள்” என்று அன்பாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்த அன்பு உங்கள் விசாவுக்கு ஆபத்து.

மாணவர்கள் அதிகம் விழும் குழி ‘அன்பெய்டு இன்டர்ன்ஷிப்’. ஏதோ ஒரு ஆவணக் காப்பகம், ஏதோ ஒரு தனியார் நிறுவனம், மூன்று மாதம் தினமும் வா, அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்பார்கள். அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைத்தாலும் அது வேலை. வாரம் 6 மணி நேரம் அப்படிப் போனால் உங்கள் கணக்கு 22. விதிமீறல் உங்கள் பேரில் பதியும். அந்தச் சான்றிதழுக்கு 100 பவுண்டு ‘பதிவுக் கட்டணம்’ வாங்கும் ஆட்களும் உண்டு. உழைப்பையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பதா?

இன்னொன்று, ஓராண்டு முதுகலைக்கு மே மாதத்தோடு வகுப்பு முடிந்தாலும் விடுமுறை தொடங்குவதில்லை. ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் பெரும்பாலும் படிப்புக் காலம்தான், 20 மணி நேர வரம்பு அப்போதும் இருக்கும். இளநிலை படிக்கும் நண்பர் கோடையில் முழுநேர வேலைக்குப் போகிறாரே என்று பார்த்து ஏமாறாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு மாணவி தானே படித்து, தானே எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும் என்று விட்டிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். பழைய பத்திரிகைகளை அடுக்கித் தர வருகிறேன் என்பவர் முதலில் ஒப்பந்தச் சட்டம் படிக்க வேண்டியிருக்கிறது. வரம்பை மீறினால் விசா ரத்து வரை போகலாம் என்று மிரட்டத் தெரிந்த அரசு, எது மீறல் என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்தால் என்ன? அது இல்லாததால், கேட்டால் “எதற்கு வம்பு, வேண்டாம்” என்று சொல்லிவிடுகிற அலுவலர்களும், 250 பவுண்டு கேட்கும் வாட்ஸ்அப் நிபுணர்களும்தான் வளர்கிறார்கள்.

பின்னணிச் சரிபார்ப்பு பற்றியும் அந்த வாட்ஸ்அப் ஆள் ஏதாவது சொல்லியிருப்பார். ஸ்காட்லாந்தில் குழந்தைகளோடோ பாதுகாப்புத் தேவைப்படும் பெரியவர்களோடோ நெருங்கிப் பழகும் பொறுப்புகளுக்கு மட்டும் பி.வி.ஜி. என்ற பின்னணிச் சரிபார்ப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து அது சட்டக் கட்டாயம். புத்தகம் அடுக்க அது தேவையில்லை. தேவைப்பட்டாலும் நீங்கள் சேரும் அமைப்புதான் அந்த நடைமுறையைத் தொடங்கும், தகுதியுள்ள தன்னார்வ அமைப்புகளில் தன்னார்வலருக்குக் கட்டணமும் இல்லை. இடையில் யாருக்கும் வேலை இல்லை.

சரி, அம்மா விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே விதி உண்மையிலேயே குறுகலானது.

விசிட்டர் விசாவில் வருபவர் வேலை செய்யக் கூடாது, சம்பளமில்லாத வேலையும் கூடாது. அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது: பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு, மொத்தம் 30 நாளுக்கு மிகாமல், தன்னார்வலராக உதவலாம். ஆனால் வந்த நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. அம்மா உங்களைப் பார்க்க வருகிறார். வந்த இடத்தில் நேரம் கிடைக்கும்போது நூலகத்துக்கும் உதவுகிறார். அந்த வரிசை மாறக் கூடாது. ஆகவே நூலகத்திடம் பேசுவது நீங்களாக இருங்கள், அதுவும் அம்மா வந்து இறங்கிய பிறகு. ஊரிலிருந்தே அம்மா பெயரில் கடிதம் எழுதி, ‘மூன்று மாதம் சேவை செய்ய வரலாம்’ என்று பதில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வருவது வேண்டாத வேலை. விமான நிலையத்தில் கேட்டால் மகளைப் பார்க்க வந்தேன் என்பதுதான் உண்மையான பதில், அதைச் சொன்னால் போதும். நூலகத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

30 நாள் என்பதை எப்படி எண்ணுவது? வாரம் ஒரு நாள் போனால் மூன்று மாதத்திலும் 13 நாள்தானே என்று கேட்பீர்கள். அப்படியும் படிக்கலாம். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை 30 நாட்காட்டி நாளுக்குள் முடிய வேண்டும் என்றும் படிக்கலாம். விதியின் வாசகம் ‘மொத்தம் 30 நாள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. நான் எப்போதும் இரண்டாவது முறையைத்தான் சொல்வேன். அடுத்த முறை அம்மா விசா கேட்கும்போது எந்தக் கேள்வியும் எழக் கூடாது. வந்து ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும், பிறகு ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும்.

பதிவு பெற்ற அறக்கட்டளை என்பதிலும் ஒரு சிக்கல். விதி மூன்று பதிவேடுகளைச் சொல்கிறது: இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்தது ஒன்று, வட அயர்லாந்து ஒன்று, ஸ்காட்லாந்து ஒன்று. கிளாஸ்கோ நூலகம் ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் ஓ.எஸ்.சி.ஆர். அமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் வரும். அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் அம்மா லண்டனில் உறவினர் வீட்டில் கொஞ்ச நாள் தங்குவார், அங்கேயும் இப்படி ஓர் இடத்தில் உதவலாமே என்று நினைத்தால் கவனம் வேண்டும். 1926இல் தொடங்கிய விமன்ஸ் லைப்ரரியின் சேகரிப்பு 2013 முதல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருக்கிறது. இங்கிலாந்தின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களைப் போல அந்தக் கல்வி நிறுவனமும் சட்டப்படி அறக்கட்டளைதான். ஆனால் பதிவு செய்வதிலிருந்து விலக்குப் பெற்றது, அதனால் பதிவேட்டில் இருக்காது. பதிவேட்டில் இல்லாவிட்டால் விசிட்டருக்கான விலக்கு எழுத்துப்படி பொருந்தாது. பெரிய தேசிய அருங்காட்சியகங்கள் பலவும் இதே நிலைதான். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களோ பதிவேட்டில் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் தப்பு! யோசிக்காமல் எழுதிய விதிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இருந்தாலும் விதி விதிதான். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அம்மாவை எங்கேயும் அனுப்புங்கள்.

அம்மா நூலகராக இருந்தவர் என்பது பெருமையான விஷயம். இங்கே அதுவே கொஞ்சம் இடைஞ்சலாகவும் ஆகலாம். அவர் திறமையைப் பார்த்து, சம்பள நூலகர் விடுப்பில் போகும் இடத்தில் உட்காரச் சொன்னால் அது தன்னார்வம் அல்ல, வேலை. தன்னார்வலர் அணியில் ஒருவராக இருக்கட்டும், பொறுப்பு நாற்காலி வேண்டாம். வாசகராகப் போக இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அது இலவச நூலகம். வந்த மறுநாளிலிருந்து கிளம்பும் நாள் வரை உட்கார்ந்து படிக்கலாம், நிகழ்ச்சிகளுக்குப் போகலாம். பெரும்பாலான அமைப்புகள் புதிய தன்னார்வலரை உடனே சேர்ப்பதும் இல்லை; விண்ணப்பம், அறிமுகக் கூட்டம் என்று வாரங்கள் ஓடிவிடும். அம்மாவுக்கு வாசகராகப் போக மட்டுமே நேரம் கிடைத்தாலும் வருத்தப்படாதீர்கள்.

அப்புறம் ஸ்பான்சர்ஷிப், அதாவது வேலை கொடுக்கும் நிறுவனமே உங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்பது. தன்னார்வப் பணி எந்த ஸ்பான்சர்ஷிப்புக்கும் முதல் படி அல்ல. ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசாவுக்கு 2025 ஜூலையிலிருந்து பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. சிலருக்குக் குறைந்த வரம்பு உண்டு என்றாலும், நிதிக்குப் போராடும் சமூக நூலகத்தில் அப்படி ஒரு பணியிடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நூலகமும் தெரியாது, விதியும் தெரியாது. ‘சாரிட்டி ஒர்க்கர்’ என்று ஒரு விசா உண்டு, அதிகபட்சம் 12 மாதம், சம்பளம் கிடையாது. மாணவர் விசாவில் ஏற்கனவே இங்கே இருக்கும் உங்களுக்கு இந்த 6 மணி நேரத்துக்காக அது தேவையே இல்லை. அந்தப் பெயரைக் காட்டித்தான் பலர் பணம் பறிக்கிறார்கள். படிப்பு முடிந்து ‘கிராஜுவேட்’ விசாவுக்கு மாறினால் மணிநேர வரம்பே இருக்காது, அதுவரை பொறுங்கள்.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் ஆள். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய, இமிகிரேஷன் அட்வைஸ் அதாரிட்டியில் பதிவு வேண்டும். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுதான். அல்லது சொலிசிட்டர் போன்ற முறைப்படுத்தப்பட்ட சட்டத் தொழிலில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “நான் ஆலோசனை சொல்லவில்லை, ஃபார்ம் மட்டும்தான் நிரப்புகிறேன்” என்பது அவர்களின் வழக்கமான பாட்டு, நம்பாதீர்கள். பதிவு எண்ணைக் குழுவிலேயே, எல்லோரும் பார்க்கக் கேளுங்கள். கொடுத்தால் அந்த அதாரிட்டியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் இருக்கலாம், வேறொருவருடையதாகவும் இருக்கலாம், பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் அவர் கேட்ட தொகையும் செய்தியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து அதே அதாரிட்டியிடம் புகார் செய்யுங்கள். அதனால் உங்கள் விசாவுக்குப் பாதிப்பு வராது. உங்கள் சந்தேகத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் இலவசமாகப் பதில் சொல்லும். மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், அதில் நூலகத்தின் பெயர், கிழமை, 6 மணி நேரம், செலவு மட்டும்தான் வாங்குவேன் என்பது நான்கையும் எழுதுங்கள். வந்த பதிலை விசா காலாவதியாகும் வரை அழிக்காதீர்கள்.