மூங்கில் டயப்பர் மக்குமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளின் நான்கு மாதக் குழந்தைக்கு, ‘மூங்கில் நாரால் ஆனது, மக்கும் தன்மையுடையது’ என்று அச்சிட்ட டயப்பரை வாங்கலாமா? விலை இரண்டு மடங்காக இருக்கிறது. (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: அந்த மூங்கில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இப்படி விற்கப்படும் பல டயப்பர்களில் குழந்தையின் தோலைத் தொடும் மேல்துணி மட்டுமே மூங்கில் நார். ஈரத்தை உறிஞ்சிக் கூழாகும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணையும், கசிவைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளும், இடுப்புப் பட்டையும் பெட்ரோலியத்திலிருந்து வருபவையே. என் பேத்திக்காக இதே சொற்களை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, பயன்படுத்தியவற்றை அம்பாசமுத்திரத்து வீட்டில் தென்னை மூட்டில் புதைத்தேன். மறு ஆண்டு உரம் வைக்கத் தோண்டியபோது தாளும் பட்டையும் அப்படியே வந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. மக்கும் பிளாஸ்டிக்கைச் சோதிப்பது, ஏறத்தாழ 58 பாகை வெப்பம் காக்கும் தொழில்முறை உரக்கூடத்தின் நிலையில். நம் கொல்லைக் குழியில் அந்தச் சூடு இல்லை என்பதை உறையில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய கூற்று முழுப் பொருளுக்கா, ஒரு பகுதிக்கா, உறைக்கா என்று சொல்லவும், அதற்குச் சான்று வைத்திருக்கவும் விற்பவர் கடமைப்பட்டவர். எனவே ஒவ்வொரு அடுக்கும் எதனால் ஆனது என்று சொல்லாத கட்டுக்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். பகலுக்குத் துவைத்த பழைய வேட்டித் துணியும், இரவுக்கும் பயணத்துக்கும் நறுமணம் சேர்க்காத சாதாரண டயப்பரும் போதும்; நம் ஊர் வெயிலில் துணி ஒரு பொழுதில் காய்ந்துவிடும்.

கேள்வி: பயன்படுத்திய டயப்பரைக் கால்வாயில் போட்டால் கரைந்துவிடுமா? (பேட்டை வாசகர்)

பதில்: கரையாது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, தாளில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் ஆறு கட்டு வாங்கிப் பிரித்துவிட்டேன். அளவு சிறியது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, அது உறையின் முகப்பிலேயே இருக்கும். மாதந்தோறும் வளரும் குழந்தைக்கு ஆறு கட்டை ஒன்றாக வாங்கியதும், ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் ஆறையும் பிரித்ததும் தங்கள் தவறு. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: உறையில் அச்சிட்ட விலையின் மேல் கூடுதல் விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிட்டார்கள். கேட்டால், ‘இயற்கைப் பொருள், விலை ஏறிவிட்டது’ என்கிறார்கள். கூலி வேலை செய்யும் எனக்கு அது பெரிய தொகை. (தென்காசி வாசகி)

பதில்: தாங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அம்மா, தங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. சீட்டு ஒட்டி விலையைக் குறைக்கலாமே தவிர, உயர்த்தச் சட்டத்தில் இடமில்லை. உறையையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் புகார் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அந்தச் சீட்டை மட்டும் உரித்துவிடாதீர்கள்.