டிஎஸ்எஸ் (தண்ணீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருளை வடிகட்டி, உலர்த்தி நிறுக்கும்) சோதனைக்கான ஸ்டாண்டர்டை, அதாவது அளவு தெரிந்த மாதிரியை, லேபிலேயே தயாரிக்க முடியுமா? எப்படி?

முடியும். கழிவுநீர் லேபில் பதினோரு வருடமாக இருக்கிறேன், வாரம் ஒன்று தயாரிக்கிறோம். ஆனால் டிடிஎஸ்ஸுக்கு (கரைந்திருக்கும் திடப்பொருள் சோதனைக்கு) உப்பைக் கரைத்து வைப்பதுபோல நினைத்து இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். உப்பு கரைந்துவிடும், எங்கே மொண்டாலும் ஒன்றுதான். இது கரையாத தூள். கலக்குவதை நிறுத்திய நொடியே அடியில் போய் உட்காரத் தொடங்கும்.

நாங்கள் முதலில் கயோலின் களிமண்தான் போட்டோம். விலை மலிவு. லிட்டருக்கு 100 மி.கி. போட்டால் 85, 88 என்றே வந்தது. பேலன்ஸைச் சந்தேகப்பட்டோம், ஓவனைச் சந்தேகப்பட்டோம், கடைசியில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். ஒருநாள் வடிகட்டிய தண்ணீரைக் கொட்டப்போன பயிற்சிப் பையன், "சார், இது ஏன் கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கு?" என்று கேட்டான். நாங்கள் போடும் கண்ணாடி இழை ஃபில்டர் 1.5 மைக்ரான். கயோலினில் அதைவிடச் சின்னத் துகள்கள் ஏராளம். நாங்கள் தேடிய 15 மி.கி. அந்த பிளாஸ்கில்தான் இருந்தது.

அப்புறம் மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸுக்கு மாறினோம், 20 மைக்ரான் ரகம். மாத்திரை செய்யும் கம்பெனிகளில் புழங்குகிற அதே வெள்ளைத் தூள்தான். ஃபில்டரில் நன்றாக நிற்கும். ஒரே வம்பு, ஈரம் இழுக்கும். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்து நிறுத்தால் நூற்றுக்கு நாலைந்து பங்கு தண்ணீரைத்தான் நிறுக்கிறீர்கள். 103–105 டிகிரியில் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரத்தில்) ஆறவிட்டு, கையோடு நிறுத்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் எங்கள் ஆள் ஒருவர் இதைச் செய்யாமல் விட, அந்த வாரம் முழுக்க ரெக்கவரி (போட்டதில் திரும்பக் கிடைத்த சதவீதம்) 95-ஐத் தாண்டவில்லை.

இனி முக்கியமான விஷயம். பெரிய பாட்டிலில் கலக்கி வைத்து, வேண்டும்போது பைப்பெட்டில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக 100 மி.கி. நிறுத்து (99.6 வந்தால் 99.6 என்றே எழுதுங்கள்), ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, சற்று ஊறவிட்டுக் குலுக்கி, பாட்டிலை மொத்தமாக வடிகட்டிவிடுங்கள். பாட்டில் சுவரில் ஒட்டியதையும் கழுவி ஊற்ற வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. உலர்த்தி நிறுப்பதில் 0.5 மி.கி. வரை வித்தியாசத்தைச் சோதனை முறையிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். ஃபில்டரில் 100 மி.கி. இருந்தால் அது அரை சதவீதம். அதே கலவையில் 100 மில்லி மட்டும் எடுத்தால் ஃபில்டரில் இருப்பது 10 மி.கி., பிழை 5 சதவீதம். நம் நாட்டில் ஆறு, ஏரியில் விடும் கழிவுநீருக்கு வரம்பும் லிட்டருக்கு 100 மி.கி.தான் என்பதால் அந்த அளவிலேயே சோதிப்பது நல்லது. ஃபில்டரில் 200 மி.கி.க்கு மேல் மட்டும் சேர விடாதீர்கள், அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கும்.

ஆனால் முழு பாட்டில் முறை ஃபில்டர், ஓவன், பேலன்ஸ் மூன்றையும்தான் சோதிக்கும். சாம்பிள் எடுக்கும் கையைச் சோதிக்காது. அதற்கு மாதம் ஒருமுறை 500 மி.கி. கலவை செய்து, மேக்னெடிக் ஸ்டிரரில் சுழலவிட்டு, ஆளுக்கு மூன்று முறை 100 மில்லி எடுக்கச் சொல்கிறேன். சுழியின் நடுவிலும் வேண்டாம், பீக்கர் ஓரத்திலும் வேண்டாம். இரண்டுக்கும் இடையில், பாதி ஆழத்தில், வாய் அகன்ற பைப்பெட்டால். யார் அவசரக்காரர் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும், நான் உட்பட.

ரெக்கவரி எவ்வளவு வந்தால் சரி? யாரோ சொன்ன 90–110 என்பதை எடுத்துக்கொள்ளாமல், உங்கள் லேபிலேயே 20 முறை செய்து சராசரியும் திட்டவிலக்கமும் போடுங்கள். இரண்டு மடங்கு விலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, மூன்றைத் தாண்டினால் அன்றைய ரிசல்ட் எதையும் வெளியே அனுப்பக் கூடாது.

கூடவே வெறும் டிஸ்டில்டு வாட்டரை பிளாங்காக ஓட்டுங்கள். விடை மைனஸில் வந்தால் ஃபில்டரை முன்கூட்டிக் கழுவாமல் போட்டிருக்கிறீர்கள், இழை உதிர்ந்து போகிறது என்று அர்த்தம்.

மிஞ்சிய கலவையைச் சேர்த்து வைக்க நான் சொல்லமாட்டேன். உலர்ந்த தூளை டெசிகேட்டரில் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு நிறுப்பதே எனக்குச் சரிப்படுகிறது. ஆடிட்டர் வந்தால் இது சான்றிதழ் பெற்ற ஸ்டாண்டர்டு இல்லையே என்பார். அதற்காக வருடத்துக்கு ஒன்றிரண்டு விலைக்கு வாங்கி, இதன் பக்கத்தில் ஓட்டிப் பதிந்து வைத்திருக்கிறோம்.