குன்றக்குடி மலைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: கண்மாய்க் கரையில் நின்று குன்றக்குடி மலையையும் சுற்றியுள்ள வெளியையும் பல படங்களாக எடுத்து, கணினியில் இணைத்து ஒரே அகலப் படமாக்க விரும்புகிறேன். என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தை விடச் சிறியது) கொண்ட 24 மெகாபிக்சல் கேமராவும் 18-55 மி.மீ. லென்ஸும் உள்ளன. 10-18 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: இந்த வேலைக்காக வாங்க வேண்டாம். இணைத்துச் செய்யும் பனோரமாவின் அகலத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று, நீங்கள் எடுக்கும் படங்களின் எண்ணிக்கைதான். வானமும் தரையும் எவ்வளவு அடங்கும், தொலைவிலுள்ள மலை எவ்வளவு பெரிதாகப் பதியும் என்பவற்றையே லென்ஸ் தீர்மானிக்கிறது. 10 மி.மீ. லென்ஸ் படுக்கைவாக்கில் ஏறக்குறைய 99 பாகையைப் பார்க்கும். அந்த விரிவில், மயிலின் வடிவில் அமைந்தது என்று தலபுராணம் சொல்லும் மலை கூழாங்கல்லாகச் சுருங்கிவிடும். 35 மி.மீ.யில் அதே மலை மூன்றரை மடங்கு பெரிதாகப் பதியும்.

கேமராவை நெட்டுவாக்கில் முக்காலியில் பொருத்தி 35 மி.மீ.யில் வைத்தால், ஒவ்வொரு படமும் சுமார் 25 பாகை அகலமும் 37 பாகை உயரமும் கொள்ளும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு 17 பாகைக்கு ஒரு முறை திருப்பிச் சென்றால், 120 பாகைக் காட்சிக்கு 7 படங்கள் போதும். இணைந்த படம் ஏறத்தாழ 20,000 பிக்சல் அகலம் வரும், ஓரங்களை வெட்டியதும் சற்றுக் குறையும். மேகம் திரண்ட ஐப்பசி வானம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் 18 மி.மீ.க்கு இறங்கலாம், 4 படங்களில் முடிந்துவிடும், மலை மட்டும் பாதியாகச் சிறுக்கும்.

பணம் செலவிட்டே ஆக வேண்டுமென்றால் ஜூம் இல்லாத 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். ஜூம் வளையம் நடுவில் சிறிது நழுவினாலும் படங்களின் அளவு மாறி இணைப்பு பிசகும். இருப்பதை வைத்தே எடுப்பதானால் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். படத்துக்குப் படம் ஒளியும் நிறமும் மாறாதிருக்க, எஃப்/8 துளை (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல் அமைப்பு), குவியம் ஆகிய அனைத்தையும் கைமுறையில் நிலைப்படுத்துவது லென்ஸைத் தேர்ந்தெடுப்பதை விட முக்கியமானது. போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். அகன்ற வானத்தில் அது ஒரு பக்கம் கருநீலமும் மறு பக்கம் வெளிறலுமாகப் பட்டை போடும்.

முன்புறத்தில் பொருள் எதுவும் இல்லாதவரை சாதாரண முக்காலி போதும். ஆனால் ஊருணிப் படிக்கட்டையோ அருகிலுள்ள பனைமரத்தையோ சேர்ப்பதானால், கேமரா தன் உடலை அச்சாகக் கொண்டு சுழலக்கூடாது. முன்னிருந்து பார்க்கும்போது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை தோன்றும் இடமே சுழற்சியின் அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் மரம் ஒரு படத்தில் மலைக்கு இடப்புறமும் அடுத்ததில் வலப்புறமும் நிற்கும். கேமராவைப் பின்னே தள்ளி வைக்க உதவும் சறுக்குத் தகடு இதற்கென்றே கிடைக்கிறது.

இதே முறையில் கானாடுகாத்தானின் நீண்ட வீட்டு முகப்புகளையும் எடுக்கத் தோன்றும். நின்ற இடத்தில் சுழன்று எடுத்து உருளை வடிவ வீச்சில் (உருளையின் உட்புறத்தில் ஒட்டி விரித்தாற்போல்) இணைத்தால், நேரான மதில் வில்லாக வளைந்துவிடும். அதற்கு, முகப்பு முழுதும் ஒரே படத்தில் அடங்குமாறு எதிர்ப்புறத்தில் பின்வாங்க இடம் தேடுவது ஒரு வழி.