மொட்டைமாடித் தொட்டிக்கு டெலஸ்கோப்பிக் ஏணி சரிப்படுமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. சாதாரண ஏணியை மாடிக்கு ஏற்றவே முடியவில்லை. ஹெட்ரூம் (மாடிப்படி முடியும் இடத்துச் சின்ன அறை) மேலே இருக்கிற சின்டெக்ஸ் தொட்டியைக் கழுவவும், ஃபேன் துடைக்கவும், குழாய்க்குள் குழாயாகச் சுருங்கும் டெலஸ்கோப்பிக் ஏணி வாங்கலாமா? எவ்வளவு உயரம்?

பதில்: தொட்டிக்குத் தாராளமாக வாங்கலாம். ஃபேனுக்கு உதவாது. ஒற்றை ஏணி எதன் மீதாவது சாய்ந்தால்தான் நிற்கும். அறை நடுவே சாய்க்க என்ன இருக்கிறது? இரண்டு வேலைக்கும் ஒன்றே வேண்டுமானால் கால் விரித்து நிற்கும் 'ஏ' டைப் டெலஸ்கோப்பிக் இருக்கிறது. எடையும் விலையும் கூடுதல். ஃபேனுக்கு ஒரு சின்ன மடக்கு ஏணி போதும் என்பதே எங்கள் கருத்து.

உயரத்தில்தான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். 3.8 மீட்டர் ஏணி என்றால் 12 அடி மேலே ஏறலாம் என்று அர்த்தமில்லை. 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் காலைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஏறி இறங்கும் விளிம்புக்கு மேல் 3 அடி ஏணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இறங்கும்போது பிடித்துக்கொள்ள அதுதான் பிடி. ஆக, 3.8 மீட்டர் ஏணியில் சுமார் 9 அடி விளிம்பு வரைதான் பத்திரம். 3.2 மீட்டரில் 7 அடி. முதலில் மாடித் தரையிலிருந்து ஹெட்ரூம் விளிம்பு வரை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில் முழுதாக நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் இடது, வலது இரண்டு பக்கமும் குழாயைப் பூட்டும் பின் (pin) 'டக்' என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்த ஏணி பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆள் ஏறியதும் அந்தப் படி சரிந்து உள்ளே இறங்கும். இந்த வகை ஏணியின் பெரிய ஆபத்தே இதுதான். அதனால் வீட்டிலும் ஏறுமுன் ஒவ்வொரு படியையும் கையால் அழுத்திப் பாருங்கள். படியும் குழாயும் சேரும் பிளாஸ்டிக் பாகத்தில் விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். 3 மீட்டரைத் தாண்டிய ஏணிக்கு அடியில் அகலமான குறுக்குப் பட்டை அவசியம். லேபிளில் 150 கிலோ என்றிருந்தால் அதில் ஆள், வாளி, தண்ணீர் எல்லாம் அடக்கம்.

மேலே போகப் போகக் குழாய் மெலிவதால் நடுவில் கொஞ்சம் ஆடும். பயந்துவிட வேண்டாம், ஆனால் பக்கவாட்டில் எட்டி வேலை செய்யாதீர்கள். மூடும்போது படிகளுக்கு இடையே விரல் வைக்கவே கூடாது. மெதுவாக இறங்கும் 'சாஃப்ட் க்ளோஸ்' மாடல் என்றால் விரல் நசுங்கும் வாய்ப்பு குறைவு. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை.

கேள்வி: காசிமேட்டில் கடலோரம் வீடு. வாங்கிய ஏணி இப்போது பாதியில் சிக்குகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: எண்ணெய், கிரீஸ் இரண்டுமே வேண்டாம். உப்புக்காற்றோடு வரும் மணலும் தூசும் அதில் ஒட்டிக் குழாய்க்குள் அரம் போலத் தேய்க்கும். முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒவ்வொரு குழாயையும் துடையுங்கள். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடித்துத் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அலுமினியம் பொடிப்பொடியாக வெளுக்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். துடைத்த பிறகும் ஏதாவது ஒரு பூட்டுப் பின் முழுதாக விழவில்லையென்றால் அந்த ஏணியில் ஏறாதீர்கள். தட்டிச் சரிசெய்வது ஆகாத வேலை.

கேள்வி: தொண்டையார்பேட்டையில் சந்துக்குள் வீடு. வாசல் லைட்டை மாற்ற இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: சந்தில் தலைக்கு மேலே சர்வீஸ் ஒயர் போகிறதா என்று பாருங்கள். அலுமினியத்தில் கரண்ட் பாயும். நீட்டும்போது மேல்முனை ஒயரில் பட்டால் கீழே பிடித்திருப்பவருக்கும் ஆபத்து. ஒயரிலிருந்து 10 அடி விலகி நிற்க இடமில்லாத சந்தில் இந்த ஏணியை விரிக்கவே வேண்டாம். ஃபைபர் ஏணி உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.