டிரம்மில் ஊற்றும் ஃபார்மிக்கும் மகளின் ஆய்வும்: மேல்விஷாரத்துத் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வேதியியலில் முதுகலை முடிக்கவிருக்கும் தங்கள் மகள், ஃபார்மிக் அமில எரிபொருள் மின்கலங்களுக்கான பலேடிய ஈருலோக வினையூக்கிகள் என்னும் தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர விரும்புவதாகவும், இந்தப் பெயரைக் கேட்டு யார் வேலை தருவார்கள் என்ற கவலையில் தங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தோல் தொழிற்சாலையில் காலம் கழித்த தங்களுக்கு அந்தத் தலைப்பின் முதற்சொல் புதிதன்று. தோலில் சாயம் பிடித்து நிற்பதற்காக, தண்ணீர் கலந்து சிறிது சிறிதாக டிரம்மில் ஊற்றுகிறீர்களே, மூக்கைத் துளைக்கும் அதே ஃபார்மிக்தான் இங்கே எரிபொருள்.

எரிபொருள் என்றாலும் அதைக் கொளுத்துவதில்லை. மின்வாயில் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் கார்பன் டைஆக்சைடாக மாறி, இரண்டு புரோட்டான்களையும் இரண்டு எலக்ட்ரான்களையும் விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றில் ஓடுவதே மின்சாரம். கோட்பாட்டளவில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.48 வோல்ட், ஹைட்ரஜன் மின்கலத்தில் அது 1.23 மட்டுமே. லிட்டருக்கு அடங்கும் ஆற்றல் மெத்தனாலில் பாதிகூட இல்லை என்பதால், லாரியை ஓட்டுவதைவிடச் சிறு கருவிகளுக்கே இது பொருந்தும்.

சிக்கல், இந்த வினையை விரைவாக்க மின்வாயில் வைக்கும் வினையூக்கி உலோகத்தில் இருக்கிறது. பிளாட்டினத்தின் மேல் இந்த அமிலத்தின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகச் சிதைந்து, உலோகப் பரப்பைக் கவ்விக்கொண்டு விட மறுக்கிறது. பலேடியத்தின் மேல் வினை பெரும்பாலும் அந்தச் சுற்றுவழியில் போகாமல் நேர்வழியில் நடக்கிறது. ஆனால் பலேடியமும் விரைவிலேயே சோர்ந்துவிடும், விலையும் அதிகம். வெள்ளீயம், பிஸ்மத், தாமிரம், நிக்கல் போன்ற இரண்டாவது உலோகம் ஒன்றைச் சேர்த்தால் பலேடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு சற்றே மாறி, மோனாக்சைடின் பிடி தளரலாம். எந்த உலோகம், எவ்வளவு, எந்த அமைப்பில் என்பதே தங்கள் மகளின் ஆய்வாக இருக்கும்.

அவர் கரித்தூளில் படிந்த உலோகத் துகள்களை மையாகக் கரைத்து, மின்வாயின் மூன்று மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு துளி வைத்து உலர்த்தி, அமிலத்தில் அமிழ்த்தி, மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சரிகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். சரியும் அந்தக் கோட்டைப் படிக்கக் கற்பதுதான் அவருக்குச் சொத்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மின்கலத்துக்கென்றே ஆள் எடுக்கும் நிறுவனம் எதுவும் நான் அறிந்தவரை வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ இல்லை. ஆனால் அதே மின்வேதியியல் திறமை பேட்டரி, அரிமானத் தடுப்பு, மின்முலாம், உணரி ஆகிய துறைகள் அனைத்திற்கும் வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் வினையூக்க ஆய்வு மையம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு வேண்டிய, மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் நீர்ப்பகுப்புக் கருவியும் எரிபொருள் மின்கலத்தைத் திருப்பிப் போட்டதுதான்.

என் நிபந்தனை ஒன்றே: உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம். சிஎஸ்ஐஆர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும், அதன்பின் 42,000. ஐந்து ஆண்டுகள் போனால் திருமணம் என்னாவது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்வதைவிடத் தங்கள் மகளிடமே கேட்பது முறை.

சேர்வதற்கு முன் ஒரு வேலைநாளில் இருவரும் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். முன்பு என் ஆலோசனையை நம்பி ஓரிடத்தில் சேர்ந்த மாணவர், மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிக் கிடந்ததால் முதலாண்டு முழுவதும் வேறு ஊர்களுக்கு மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அதைக் கேட்கச் சொல்லாதது என் பிழை. ஆகவே அந்தக் கருவி ஓடுகிறதா, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை எங்கே எடுக்கிறார்கள், பலேடிய உப்பு வாங்கத் திட்டநிதி இருக்கிறதா என்ற மூன்றையும் நெறியாளரிடம் மட்டுமன்றி, அங்கே ஏற்கெனவே ஆய்வு செய்யும் மூத்த மாணவர்களிடமும் கேளுங்கள்.