தம்பி காட்டிய கட்டைவிரலும் நான்கரை இலட்சமும்

கேள்வி (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்): லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், அங்கே பதிவுசெய்த தன் கம்பனியின் மூலம் 2016இல் இங்கே நண்டு பதனிடும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். நான் சம்பளம் பெறும் உள்ளூர்ப் பணிப்பாளர். 2024இல் ஓர் அனுமதிப்பத்திரம் ஐந்து மாதமாக நகரவில்லை. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் "உள்ளே கொடுக்க வேண்டும்" என்று 450,000 ரூபாய் கேட்டார். என் கைக்காசிலிருந்து மூன்று தவணையாகக் கொடுத்தேன். அனுமதி ஒன்பது நாளில் வந்தது. கம்பனி எனக்குத் தரவேண்டிய கடனாக, "ஆலோசனைக் கட்டணம்" என்று கணக்கில் எழுதினேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை. இப்போது லண்டன் கணக்காய்வாளர் கணக்கில் உள்ள அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டார். தம்பி தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பி என் கையொப்பத்தைக் கேட்கிறார். எட்டு வருடம் உழைத்த என்னைக் கள்ளன் என்கிறார். அம்மாவின் அந்தியேட்டிக்கும் வரவில்லை. என் பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாமா?
— சுன்னாகம் வாசகர்

பதில்:

வழக்குப் போடக்கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தியேட்டி, வளவுப் பங்கு, கலியாண வீட்டில் தம்பி முகம் திருப்பியது எல்லாவற்றையும் வாசித்தேன். அவற்றுக்கு நீதிமன்றத்தில் வேலை இல்லை. உங்கள் நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான்: முதல் தவணைக்கு முந்திய இரவு "உள்ளே உள்ளவர்களுக்காம், நான்கரை கேட்கிறார்கள்" என்று தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள், அவர் கட்டைவிரல் அடையாளம் ஒன்றைப் போட்டார். பணம் யாருக்குப் போகிறது என்பது, அது போவதற்கு முன்பே, யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது? இந்த விவகாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் இதை ஊர் லஞ்சம் என்று நினைக்கிறீர்கள். லண்டனில் இதன் பெயர் வேறு. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டத்தின் 6ஆம் பிரிவு வெளிநாட்டு அரச அலுவலருக்கு லஞ்சம் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நம் ஊர்த் திணைக்களத்தில் காற்றாடிக்குக் கீழே இருக்கும் உத்தியோகத்தர்தான் அந்த வெளிநாட்டு அலுவலர். நேரே கொடுத்தாலும் மூன்றாம் ஆள் கையால் கொடுத்தாலும் ஒன்றுதான். 7ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கம்பனிக்காக வேலை செய்யும் எவரும், அவர் சுன்னாகத்தில் இருந்தாலும், கம்பனிக்கு நன்மை தேடி லஞ்சம் கொடுத்தால், அதைத் தடுக்கவில்லை என்பதற்காகக் கம்பனியே குற்றவாளி. அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. தகுந்த தடுப்பு நடைமுறைகளை வைத்திருந்தோம் என்று காட்டுவது மட்டுமே கம்பனிக்குத் தப்பும் வழி. இந்தக் கடைசி வசனத்தை நினைவில் வைத்திருங்கள். உங்களுக்கு வந்திருக்கும் ஆங்கிலக் கடிதம் அதிலிருந்துதான் பிறந்தது.

"கேட்டு வற்புறுத்தினார்கள், பருவம் போய்க்கொண்டிருந்தது" என்கிறீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் பேசலாம். நண்டுப் பருவத்துக்காக எந்தச் சட்டமும் இரங்காது. "சந்தோஷமாகக் கொடுத்த சின்னத் தொகை" என்ற பேச்சும் எடுபடாது. வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சில்லறைக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஓர் ஒடுங்கிய விலக்கு இன்னும் இருக்கிறது. கனடா தன் விலக்கை 2017 ஒக்டோபர் 31இல் எடுத்துவிட்டது. பிரித்தானியச் சட்டத்தில் அப்படியொன்று இருந்ததே இல்லை.

பிரித்தானியக் குடியுரிமையோ அங்கே வதிவிடமோ இல்லாத உங்களை லண்டன் கூண்டில் ஏற்றுவது இலகுவல்ல. தம்பியின் நிலை வேறு. பத்து வருடம் வரை சிறை இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு நீங்கள் மூச்சு விடக்கூடாது. உங்களுக்கு இங்கேயே, இலங்கையின் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. வாங்கியவரும் கொடுத்தவரும் அதில் ஒரே வரிசை. தம்பிக்குத் தெரிந்திருந்தது என்பது உங்களை விடுவிக்காது, அவரையும் உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அவ்வளவுதான்.

இப்போது வழக்கு. சட்டவிரோதமான காரியத்துக்குச் செலவழித்த பணத்தை மீட்டுத் தர எந்த நீதிமன்றமும் கை நீட்டாது. அதோடு, வழக்குப் பத்திரத்தின் முதல் பந்தியிலேயே "நான் லஞ்சம் கொடுத்தேன்" என்று கையொப்பமிட்டுச் சொல்லவேண்டி வரும். நான்கரை இலட்சத்துக்கு அது அதிக விலை.

இனி, என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழிகள். பெரும்பாலானோருக்குக் கொடுத்த லஞ்சத்தைவிட அதற்குப் பிறகு செய்த கெட்டித்தனம்தான் வினையானது.

கணக்கைச் "சரிக்கட்டுவது" முதலாவது. எழுதுவினைஞரைத் தேடிப்போய், பழைய திகதியில் ஓர் ஆலோசனை ஒப்பந்தமும் மூன்று பற்றுச்சீட்டும் எழுதி வாங்குவார்கள். ஒருவர் என்னிடம் கொண்டுவந்த மூன்று பற்றுச்சீட்டுகளும் ஒரே பேனா, ஒரே மை. மூன்று மாத இடைவெளியில் எழுதியவையாம். இலக்கங்களோ 41, 42, 43 என்று அடுத்தடுத்து இருந்தன. அதுவரை லஞ்சம் மட்டும். அன்று மாலைக்குள் போலி ஆவணமும் சேர்ந்துகொண்டது. நீங்கள் எழுதிய "ஆலோசனைக் கட்டணம்" என்ற வரியே பொய்க்கணக்குக் கேள்வியை எழுப்பும். அதற்குத் துணை தேடாதீர்கள். வாட்ஸ்அப்பை அழிக்கவும் வேண்டாம். மற்றப் பிரதி தம்பியின் தொலைபேசியில் இருக்கிறது. நீங்கள் அழித்தால் அவருடைய கதை மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, அந்த ஆங்கிலக் கடிதம். பிரதியை வாசித்தேன். "கம்பனியின் கொள்கைக்கு மாறாக, பணிப்பாளர் சபைக்குத் தெரியாமல், என் சொந்தத் தீர்மானத்தில்" என்று மூன்று சொற்றொடர்கள். சட்டம் தெரிந்த கை எழுதியது அது. தடுப்பு நடைமுறை இருந்தது, ஒருவர் மீறிவிட்டார் என்று கம்பனி காட்டுவதற்கான அத்திவாரம். அந்த ஒருவர் நீங்கள். அது பொய் என்று உங்கள் தொலைபேசியே சொல்கிறது. கையொப்பமிட்டால் லஞ்சத்தோடு பொய் வாக்குமூலமும் சேரும்.

அடுத்து சூம் அழைப்பு வரும். லண்டன் சட்டத்தரணிகள் மிக மரியாதையாகப் பேசுவார்கள். ஆரம்பத்தில் வேகமாக ஒரு வசனம் சொல்வார்கள்: தாங்கள் கம்பனியின் சட்டத்தரணிகள், உங்களுடையவர்கள் அல்லர். நம்மவர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டு, வீட்டு விறாந்தையில் தேநீரோடு இருந்து இரண்டு மணித்தியாலம் மனம்விட்டுப் பேசுவார்கள். பேசியதை யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கம்பனிக்குத்தான். விசாரணை அமைப்பிடம் ஒத்துழைத்துத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளக் கம்பனி முடிவெடுத்தால், முதலில் மேசைக்குப் போவது உங்கள் இரண்டு மணித்தியாலம்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் எயார்பஸ் கதையைப் பாருங்கள். ஸ்ரீலங்கன் விமானசேவைக்கு விமானம் விற்றது உட்படப் பல நாட்டு லஞ்ச விவகாரங்களுக்காக அந்த நிறுவனம் 2020 ஜனவரியில் பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்றுடனும் ஏறத்தாழ 360 கோடி யூரோவுக்கு உடன்படிக்கை செய்துகொண்டது. அங்கேயும் பணம் போன வழிக்கு "ஆலோசகர்" என்றுதான் பெயர். அடுத்த மாதம் கொழும்பில் கைதானவர்கள் மனிதர்கள். கம்பனி காசு கட்டிவிட்டு வெளியே வரும். ஆளுக்கு அந்த வசதி கிடையாது.

மூன்றாவது குழியில் நீங்கள் ஏற்கனவே ஒரு கால் வைத்துவிட்டீர்கள். "பணத்தைத் தராவிட்டால் லண்டனில் முறைப்பாடு செய்வேன்" என்று தம்பிக்கு எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். அது கப்பம். அதை அவர் பொலிஸில் கொடுத்தால், இதுவரை இல்லாத ஒரு வழக்கில் நீங்கள் முதலாம் சந்தேகநபர். எழுதுவினைஞரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டும் போகாதீர்கள்.

ஆகவே சமாதானமாக முடியுங்கள். நான்கரை இலட்சத்தை மறந்துவிடுங்கள். அது கடலில் விழுந்த காசு. சட்டப்படி உங்களுக்கு உரியதை மட்டும் கேளுங்கள்: நிலுவைச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, ஆலையில் பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால் பணிக்கொடை. எட்டு வருடத்துக்குப் பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில் நான்கு மாதம் வரும். அவற்றைப் பெற்றுக்கொண்டு பணிப்பாளர் பதவியிலிருந்து விலகுங்கள். விலகினால் பழையது அழியாது, புதியது சேராது. உடன்படிக்கையில் "எந்த அதிகாரியிடமும் வாய் திறக்கமாட்டேன்" என்ற வாசகத்தை நுழைக்கப் பார்ப்பார்கள்; அது வந்தால் எழுந்து வாருங்கள். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் நீங்களாகப் போவதா என்பது தனிக் கேள்வி. நிபந்தனையோடு வழக்கை ஒத்திவைக்கும் உடன்படிக்கைக்கு 2023 சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன், குற்றவியல் வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். உறவுக்கார நொத்தாரிசு போதாது.

அவரிடம் போகும்போது தொலைபேசியையும் தவணைகளைக் குறித்து வைத்த அந்தச் சிவப்பு மட்டைக் கொப்பியையும் உள்ளபடியே கொண்டுபோங்கள். ஒரு வரியும் வெட்டவேண்டாம், சேர்க்கவேண்டாம். தம்பியின் கடிதத்துக்கு "என் சட்டத்தரணி பதில் அனுப்புவார்" என்ற ஒரு வசனம் போதும். அதற்குக் கீழே அந்தியேட்டியைப் பற்றி ஒன்றும் எழுதிவிடாதீர்கள்.